ஆராய்ச்சியும் சமூகத் தொழில் நிறுவனங்களும்

இந்தியாவில் விஞ்ஞான, தொழில் நுட்ப ஆராய்ச்சியின் பெரும்பகுதி பொதுமக்களின் வரிப் பணத்தைக் கொண்டே நடைபெற்று வருகிறது. வேளாண்மைத் துறைக்கென 1929-ஆம் ஆண்டிலும், தொழில் துறைக்கென 1942-ஆம் ஆண்டிலும் தனித்தனியே ஆராய்ச்சிக் கழகங்கள் அமைக்கப்பட்டன. ஆராய்ச்சிக் கூடங்களில் கண்டறியப்பட்டவற்றைத் தொழில்களுக்குக் கொண்டு சேர்ப்பதற்கென்றே 1953-ஆம் ஆண்டின் இறுதியில் தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. 2020-21-ஆம் ஆண்டில் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.64 சதவிகிதம் ஆராய்ச்சிக்கும் அதன் மேம்பாட்டுக்கும் செலவிடப்பட்டது. தொழில் வளம் மிக்க நாடுகள் செலவிடும் விகிதத்துடன் ஒப்பிட்டால் இது மிகவும் குறைவாகும். செலவிடும் தொகை குறைவாக இருக்கும்போது, அதனால் கிடைக்கும் அறிவு யாரைச் சென்றடைகிறது என்ற கேள்வி மேலும் முக்கியத்துவம் பெறுகிறது.

பெரிய தொழில் நிறுவனங்கள் தமக்கு வேண்டிய தொழில் நுட்பத்தை விலை கொடுத்து வாங்கிக்கொள்ள இயலும். தமக்கெனச் சொந்த ஆராய்ச்சிப் பிரிவுகளையும் அவை வைத்துக்கொள்ள முடியும். கூட்டுறவுச் சங்கம், மகளிர் சுய உதவிக் குழு, கைவினைஞர் சங்கம், அறக்கட்டளை நடத்தும் தொழிற்கூடம் ஆகியவற்றின் நிலை அவ்வாறன்று. இத்தகைய அமைப்புகளே சமூகத் தொழில் நிறுவனங்கள் எனப்படுகின்றன. இவை தானங்களை மட்டுமே நம்பி நிற்பவை அல்ல. பொருளை உற்பத்தி செய்து, விற்று, செலவை ஈடுசெய்து நடப்பவை. ஆயினும் இவற்றின் முதல் நோக்கம் இலாபம் அன்று. உற்பத்தி செய்வோருக்கோ பயன்படுத்துவோருக்கோ, அல்லது இரு சாராருக்குமோ நன்மை விளைய வேண்டும் என்பதே இவற்றின் குறிக்கோள். கூட்டுறவுச் சங்கம், பொது அறக்கட்டளை, இலாப நோக்கமற்ற கம்பெனி, 2002-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் ஏற்பட்ட உற்பத்தியாளர் கம்பெனி எனப் பல சட்ட வடிவங்களில் இவை இயங்கி வருகின்றன.

ஆராய்ச்சியின் பயன் இத்தகைய நிறுவனங்களுக்கு எவ்வாறு ஆதரவாக மாறுகிறது? எந்தச் சூழ்நிலையில் அது மாறாமல் நின்றுவிடுகிறது? சுதந்திரத்திற்குப் பின் நாட்டில் நிகழ்ந்த சில அனுபவங்கள் இவற்றுக்குத் தெளிவான விடை தருகின்றன.

ஆனந்தில் எழுந்த கேள்வி

குஜராத்திலுள்ள கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் 1946-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் பதிவு செய்யப்பட்டது. திரிபுவன்தாஸ் படேல் அதன் தலைவராக இருந்தார். பம்பாய் நகருக்குப் பால் அனுப்புவது ஒன்றியத்தின் முக்கியப் பணி. அம்மாவட்டத்தில் கறவைக்குப் பெரிதும் வளர்க்கப்பட்டவை எருமைகளே. குளிர்காலத்தில் எருமைகள் மிகுதியாகப் பால் கறக்கும். கோடையில் கறவை வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் நகரத்தின் தேவை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தது. எனவே குளிர்காலத்தில் மிஞ்சிய பாலை வாங்குவாரில்லை. அதனைத் தூளாக்கிச் சேமித்து வைத்தாலன்றி, உறுப்பினர் கொண்டுவரும் பால் முழுவதையும் ஆண்டு முழுவதும் ஏற்றுக்கொள்வதாகச் சங்கம் உறுதி கூற இயலாத நிலை இருந்தது.

எருமைப் பாலைத் தெளித்து உலர்த்தும் முறையில் தூளாக்க இயலாது என்பதே அக்காலத்தில் மேலை நாட்டுப் பால் துறை வல்லுநர் பலரின் கருத்து. அந்நாடுகளின் பால் தொழில் முழுவதும் பசும்பாலையே அடிப்படையாகக் கொண்டிருந்தது. எருமைப் பாலைப் பற்றி ஆராய வேண்டிய தேவை அவர்களுக்கு எழவில்லை. வர்கீஸ் குரியனின் அழைப்பை ஏற்று ஆனந்துக்கு வந்த பால் துறைப் பொறியாளர் எச்.எம். தலாயா, அது இயலும் என்பதைச் சோதனைகள் மூலம் செய்து காட்டினார். அதன் அடிப்படையில், யூனிசெஃப் முதலிய அமைப்புகளின் உதவியுடன் அமைக்கப்பட்ட தொழிற்சாலையை 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் பிரதமர் ஜவாஹர்லால் நேரு திறந்து வைத்தார்.

அடுத்த கட்டமாகக் குழந்தை உணவு தயாரிக்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. எருமைப் பாலில் பசும்பாலைவிடக் கொழுப்பு மிகுதி. அது திரளும்போது உண்டாகும் தயிர்க்கட்டியும் கடினமாக இருப்பதால் குழந்தைகளுக்கு எளிதில் செரிப்பதில்லை. மைசூரில் 1950-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில் நுட்ப ஆராய்ச்சி நிலையம், எருமைப் பாலைக் குழந்தைகளுக்கு ஏற்றவாறு பக்குவப்படுத்தும் முறையைக் கண்டது. அம்முறையைக் கொண்டு 1960-ஆம் ஆண்டளவில் கேடா ஒன்றியம் குழந்தை உணவைப் பெரிய அளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. அதுவரை இறக்குமதியையே பெரிதும் நம்பியிருந்த ஒரு பொருள், ஓரிரு எருமைகளை மட்டுமே உடைய குடும்பங்கள் உறுப்பினராக உள்ள கூட்டுறவின் உற்பத்திப் பொருளாயிற்று.

இங்கு ஆராய்ச்சிக்கான கேள்வி எங்கிருந்து எழுந்தது என்பது கருதத்தக்கது. முதலில் ஒரு முறையைக் கண்டுபிடித்துவிட்டுப் பின்னர் அதனை ஏற்பவரைத் தேடிச் செல்லவில்லை. உறுப்பினரின் பால் வீணாகிறது என்ற குறை முதலில் இருந்தது. அக்குறையைத் தீர்க்கும் பொறுப்பு சங்கத்திடம் இருந்தது. அதற்கான ஆராய்ச்சி அதன் பின்னரே வந்தது. கண்டறிந்ததை உடனே பயன்படுத்தத் தொழிற்சாலையும், விற்பனைக்கு ஏற்பாடும், ஆதாயத்தை உறுப்பினருக்குப் பகிர்ந்தளிக்கும் விதிகளும் ஆயத்தமாக இருந்தன. 1965-ஆம் ஆண்டில் தேசியப் பால்வள வாரியம் நிறுவப்பட்டதும், 1970 முதல் 1996 வரை வெண்மைப் புரட்சித் திட்டம் மூன்று கட்டங்களாக நிறைவேற்றப்பட்டதும் இந்த அனுபவத்தை நாடெங்கும் பரப்பும் பொருட்டேயாகும்.

பயனாளியின் வாழ்க்கை முறை

மற்றோர் அனுபவம் ஜெய்ப்பூரில் நிகழ்ந்தது. காலை இழந்தவர்களுக்கு மேலை நாட்டு முறையில் செய்யப்பட்ட செயற்கைப் பாதம் பொருத்தப்பட்டு வந்தது. அப்பாதத்தைக் காலணிக்குள் வைத்தே நடக்க வேண்டும். அது கணுக்காலில் வளைந்து கொடுக்காது. தரையில் சம்மணமிட்டு அமரவும், குந்தவும், வரப்பில் வெறுங்காலுடன் நடக்கவும், நீர் நிறைந்த வயலில் இறங்கவும் வேண்டிய கிராமவாசிக்கு அது பயன்படவில்லை. பலர் அதனைக் கழற்றி வைத்துவிட்டு ஊன்றுகோலையே நாடினர்.

சவாய் மான் சிங் மருத்துவமனையில் பணியாற்றிய கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும், எலும்பு முறிவு மருத்துவர் பி.கே. சேத்தியும் சேர்ந்து 1968-ஆம் ஆண்டளவில் புதிய பாதத்தை உருவாக்கினர். டயர்களைப் புதுப்பிக்கும் தொழிலில் வழங்கிவந்த ரப்பர் பதப்படுத்தும் முறையே இதற்கும் பயன்பட்டது. ரப்பரும் மரமும் கொண்டு அமைந்த அப்பாதம் பல திசைகளிலும் வளைந்தது. உருவத்திலும் நிறத்திலும் இயற்கையான பாதத்தை ஒத்திருந்தது. காலணியின்றி நடக்க உதவியது. பெரிய இயந்திரங்கள் இன்றி, பழகிய கைவினைஞர் அதனைச் செய்ய முடிந்தது.

ஆயினும் பாதம் உருவான முதல் சில ஆண்டுகளில் அதனைப் பெற்றவர்கள் மிகச் சிலரே. 1975-ஆம் ஆண்டில் டி.ஆர். மேத்தா என்ற ஆட்சித் துறை அதிகாரியின் முயற்சியால் பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி என்ற சங்கம் நிறுவப்பட்ட பின்னரே அது பரவத் தொடங்கியது. வெளியூரிலிருந்து வருவோர் தங்க இடமும் உணவும் அளிப்பது, அளவெடுத்து விரைவில் காலைப் பொருத்தி அனுப்புவது, கட்டணம் வாங்காமல் இருப்பது என்ற நடைமுறைகளைச் சங்கம் ஏற்படுத்தியது. மருத்துவர் சேத்திக்கு 1981-ஆம் ஆண்டில் மகசேசே விருது வழங்கப்பட்டது. பின்னாளில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் பாலியூரித்தேன் என்ற இலேசான பொருளைக் கொண்டு பாதம் செய்யும் நுட்பத்தை இச்சங்கத்திற்கு அளித்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் இச்சங்கத்துடன் சேர்ந்து குறைந்த விலையிலான செயற்கை முழங்கால் மூட்டை உருவாக்கினர். சங்கம் முன்னரே நிலைபெற்றிருந்தமையால், புதிய ஆராய்ச்சி வந்து சேர்வதற்கு ஓர் இடம் இருந்தது.

உற்பத்தியும் விலையும்

மதுரையில் 1976-ஆம் ஆண்டில் மருத்துவர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் அனுபவம் வேறொரு பாடத்தைத் தருகிறது. கண்புரை நோய்க்குப் பழைய முறையில் அறுவைச் சிகிச்சை செய்து, தடித்த மூக்குக் கண்ணாடி கொடுப்பதே அக்காலத்து வழக்கம். அதனால் கிடைக்கும் பார்வை குறைவுடையது. கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ அதுவும் இல்லாமற் போகும். கண்ணுக்குள்ளேயே பொருத்தும் செயற்கை வில்லை இக்குறையை நீக்கியது. ஆனால் இறக்குமதி செய்யப்பட்ட வில்லையின் விலை அமெரிக்க நாணயத்தில் 100 டாலர் அளவில் இருந்தது. கட்டணம் செலுத்த வசதியுள்ளவருக்கு வில்லை, ஏழைக்குத் தடித்த கண்ணாடி என்ற வேற்றுமை இதனால் ஏற்பட்டது.

இந்த வேற்றுமையைப் போக்க இரு வழிகள் இருந்தன. நன்கொடை பெற்று வில்லைகளை இறக்குமதி செய்வது ஒன்று. அவற்றை உள்நாட்டிலேயே உற்பத்தி செய்வது மற்றொன்று. முதல் வழியில் நன்கொடை நின்றால் சிகிச்சையும் நின்றுவிடும். எனவே இரண்டாம் வழி தேர்ந்துகொள்ளப்பட்டது. அமெரிக்காவிலுள்ள சேவா அறக்கட்டளையின் ஒத்துழைப்புடன் தொழில் நுட்பம் பெறப்பட்டு, 1992-ஆம் ஆண்டில் ஆரோலேப் என்ற உற்பத்தி நிலையம் ஓர் அறக்கட்டளையின் கீழ்த் தொடங்கப்பட்டது. அங்குத் தயாரான வில்லையின் விலை சுமார் 10 டாலருக்கு இறங்கியது. காலப்போக்கில் மேலும் குறைந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அது ஏற்றுமதியாகிறது.

இங்குப் புதிதாகக் கண்டறியப்பட்டது வில்லை அன்று. அது முன்னரே உலகில் இருந்தது. உயர் தரத்தைக் கைவிடாமல் குறைந்த செலவில் அதனைச் செய்யும் முறையும், அதன் ஆதாயம் எவர் கையில் தங்க வேண்டும் என்ற முடிவுமே புதியவை. அறக்கட்டளையின் உடைமையாக இருப்பதால், விலைக் குறைப்பின் பயன் நோயாளியைச் சென்றடைந்தது. உறுதியாக வாங்கும் மருத்துவமனை அருகிலேயே இருந்தமையால் தொடக்க ஆண்டுகளில் விற்பனை பற்றிய கவலையும் குறைந்தது. குறைகளை அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவரே எடுத்துரைக்க, உற்பத்தியில் உடனுக்குடன் திருத்தம் செய்ய முடிந்தது.

அடுப்புத் திட்டத்தின் படிப்பினை

வெற்றிகளை மட்டும் ஆராய்வது போதாது. புகையில்லா அடுப்பு பற்றிய ஆராய்ச்சி இந்தியாவில் நீண்ட காலமாக நடைபெற்று வந்துள்ளது. பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் ஏ.கே.என். ரெட்டி 1974-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘அஸ்த்ரா’ என்ற கிராமத் தொழில் நுட்பப் பிரிவு முதலான பல அமைப்புகள் விறகைச் சிக்கனப்படுத்தும் அடுப்புகளை உருவாக்கின. சமையலறைப் புகையால் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நுரையீரல் நோய்கள் உண்டாகின்றன என்பதிலோ, விறகு சேகரிப்பதில் பெண்களின் நேரமும் உழைப்பும் செலவாகின்றன என்பதிலோ கருத்து வேறுபாடு இல்லை. 1983-ஆம் ஆண்டில் மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. 2002-ஆம் ஆண்டில் மத்திய அரசு அத்திட்டத்தை நிறுத்தும் வரை 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன.

எண்ணிக்கையை நோக்கினால் இது பெரிய சாதனையே. ஆனால் அமைக்கப்பட்ட அடுப்புகளில் பல சில ஆண்டுகளுக்குள் பழுதடைந்தன, சில இடிக்கப்பட்டன, வேறு சில பழைய மூன்று கல் அடுப்புக்கு அருகே பயனின்றி நின்றன. ஆராய்ச்சிக் கூடத்தில் கிடைத்த வெப்பத் திறன் வீட்டில் கிடைக்கவில்லை. அடுப்பின் வாயும் உட்புற அளவுகளும் சிறிது மாறினாலும் புகை வெளியேறும் விதம் கெட்டுவிடும். இலக்கை எட்டும் அவசரத்தில் அளவுகள் கவனிக்கப்படவில்லை. புகைபோக்கியைத் துடைப்பது எப்படி என்று பல வீடுகளில் கற்பிக்கப்படவில்லை. அடுப்புக் கட்டும் தொழிலாளிக்கு மானியத்திலிருந்து ஒரு முறை கூலி கிடைத்தது. பின்னர் வந்து பழுது பார்ப்பதற்கு அவருக்கு எந்த வருவாயும் இல்லை. மானியம் மூலமே அடுப்புக் கிடைத்ததால், பயன்படுத்தும் பெண்ணின் விருப்பத்தை அறிந்து அடுப்பைத் திருத்த வேண்டிய கட்டாயம் யாருக்கும் ஏற்படவில்லை.

ஆராய்ச்சி இருந்தது, நிதியும் இருந்தது, மாநிலம் தோறும் அலுவலர்களும் இருந்தனர். கிராமத்தில் தங்கி, அடுப்பைத் தொழிலாக நடத்தி, அதன் குறைக்குப் பொறுப்பேற்கும் நிறுவனம் மட்டும் பெரும்பாலான இடங்களில் உருவாக்கப்படவில்லை. ஆனந்துக்கும் அடுப்புத் திட்டத்திற்கும் இடையே உள்ள முக்கிய வேறுபாடு இதுவே.

இடையில் நிற்கும் பணிகள்

மேற்கூறிய அனுபவங்களிலிருந்து, ஆராய்ச்சியின் முடிவுக்கும் தொழிலின் தொடக்கத்திற்கும் இடையே ஐந்து பணிகள் இருப்பதைக் காணலாம்.

முதலாவது, தேவையை அறிதல். பயன்படுத்துவோரின் தொழிலையும் பழக்கங்களையும் நேரில் கண்டு, ஆராய்ச்சிக்கான கேள்வியை வகுக்க வேண்டும். இரண்டாவது, தழுவியமைத்தல். ஆராய்ச்சிக் கூடத்து மாதிரியைக் கிராமத்தில் கிடைக்கும் பொருள்களுக்கும், மின்சார வசதிக்கும், தொழிலாளரின் திறனுக்கும் ஏற்ப மாற்ற வேண்டும். மூன்றாவது, சோதனை உற்பத்தி. ஒன்றிரண்டு மாதிரிகளைச் செய்வது வேறு, ஆயிரக்கணக்கில் ஒரே தரத்துடன் செய்வது வேறு. நான்காவது, பயிற்சியும் பழுது பார்த்தலும். ஐந்தாவது, கடன் வசதி. வாங்குவோருக்கும் செய்வோருக்கும் அவர்களுடைய வருவாய் வரும் முறைக்கு ஏற்பத் தவணைகள் அமைய வேண்டும்.

இப்பணிகளில் எதற்கும் ஆராய்ச்சியாளருக்குப் பட்டமோ பதவி உயர்வோ எளிதில் கிடைப்பதில்லை. வணிக வங்கியோ, விற்பனை தொடங்காத முயற்சிக்குக் கடன் தரத் தயங்குகிறது. ஆராய்ச்சிக்கு மானியம் உண்டு, தொழிலுக்குக் கடன் உண்டு, ஆனால் இரண்டிற்கும் இடைப்பட்ட காலத்திற்கு நிதி இல்லை என்ற நிலையிலேயே பல நல்ல முயற்சிகள் நின்றுவிடுகின்றன.

வேளாண்மைத் துறையில் இந்த இடைவெளியை நிரப்ப ஓர் ஏற்பாடு உண்டு. 1974-ஆம் ஆண்டில் புதுச்சேரியில் முதல் வேளாண் அறிவியல் நிலையம் தொடங்கப்பட்டது. இன்று நாடெங்கும் 700-க்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. புதிய விதையையும் சாகுபடி முறையையும் உழவரின் நிலத்திலேயே சோதித்துக் காட்டுவது இவற்றின் பணி. குயவர், தச்சர், நெசவாளர், உணவுப் பண்டம் செய்யும் மகளிர் குழுவினர் ஆகியோருக்கு இத்தகைய பரந்த ஏற்பாடு இல்லை. மத்திய அரசின் முதன்மை விஞ்ஞான ஆலோசகர் அலுவலகம் இந்தியத் தொழில் நுட்பக் கழகங்கள் சிலவற்றைக் கொண்டு நடத்திய கிராமியத் தொழில் நுட்பச் செயற்குழுக்கள் இத்திசையில் எடுத்து வைக்கப்பட்ட ஓர் அடியாகும். களத்திலுள்ள தொண்டு நிறுவனங்கள் எடுத்துரைக்கும் குறைகளுக்குப் பொறியியல் தீர்வு காண்பது இவற்றின் நோக்கமாகும்.

மக்களிடமிருந்து எழும் கண்டுபிடிப்புகள்

ஆராய்ச்சி என்பது பல்கலைக்கழகங்களிலும் தேசிய ஆராய்ச்சிக் கூடங்களிலும் மட்டும் நிகழ்வதன்று. உழவரும் கைவினைஞரும் தம் தொழிலில் கண்டறிந்தவற்றைத் தொகுக்கும் பணியை 1980-களின் இறுதியில் அகமதாபாத்தில் பேராசிரியர் அனில் குப்தா தேனீ வலையமைப்பு என்ற பெயரில் தொடங்கினார். இதன் தொடர்ச்சியாக 2000-ஆம் ஆண்டில் தேசியக் கண்டுபிடிப்பு அறக்கட்டளை நிறுவப்பட்டது. கண்டுபிடித்தவரின் பெயரைப் பதிவு செய்தல், அவர் சார்பில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தல், ஆராய்ச்சிக் கூடங்களில் சோதித்தல், சிறு முதலீடு வழங்குதல் ஆகிய பணிகளை அது செய்து வருகிறது. ஏழையின் அறிவைப் பெற்றுக்கொண்டு அவர் பெயரையும் ஆதாயத்தையும் மறைத்துவிடக் கூடாது என்பது இதன் அடிப்படைக் கொள்கை.

இவ்வறக்கட்டளையின் விருது பெற்றவர்களுள் ஒருவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம். பெண்களுக்கான அணையாடையைக் குறைந்த விலையில் செய்ய முயன்ற அவர், முதலில் பஞ்சைக் கொண்டு சோதித்துத் தோல்வியுற்றார். பெரிய நிறுவனங்கள் பயன்படுத்துவது பஞ்சு அன்று, மரக்கூழிலிருந்து பெறப்படும் நார்ப்பொருள் என்பதை அறியவே அவருக்கு நெடுங்காலமாயிற்று. ஆராய்ச்சிக் கூடத்தின் உதவியைத் தொடக்கத்திலேயே பெற வழி இருந்திருந்தால் அக்காலம் வெகுவாகக் குறைந்திருக்கும். அந்நாரை அரைத்து, அழுத்தி, கிருமி நீக்கும் எளிய பொறிகளை அவர் உருவாக்கினார். அவற்றைப் பெரிய நிறுவனத்திடம் ஒப்படைக்காமல் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு விற்கும் வழியை மேற்கொண்டார். இதனால் உற்பத்தி, விற்பனை, உடல்நலம் பற்றிய அறிவு ஆகிய மூன்றும் ஒரே குழுவின் கையில் சேர்ந்தன. 2016-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

கடனும் ஒரு கண்டுபிடிப்பே

தொழில் நுட்பம் முழுமை பெற்ற பின்னரும், வாங்கும் சக்தி இல்லாதவரை அது எட்டுவதில்லை. 1995-ஆம் ஆண்டில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஹரீஷ் ஹண்டே தொடங்கிய செல்கோ நிறுவனம் ஏழைக் குடும்பங்களுக்குச் சூரிய ஒளி விளக்குகளை விற்க முற்பட்டது. மாதம் 300 ரூபாய் செலுத்துவது கடினம், நாள்தோறும் 10 ரூபாய் செலுத்துவது எளிது என்பது தெருவோர வியாபாரியின் நிலை. இரண்டும் கணக்கில் ஒன்றே. ஆயினும் நாள்தோறும் வருவாய் பெறுபவருக்கு அவை ஒன்றல்ல. இதனை உணர்ந்து, கிராம வங்கிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் வருவாய்க்கேற்ற தவணைகளில் கடன் வழங்குமாறு அந்நிறுவனம் ஏற்பாடு செய்தது. பழுது பார்க்கும் கிளைகளையும் வாடிக்கையாளருக்கு அருகே அமைத்தது. சூரிய மின்தகட்டை அது கண்டுபிடிக்கவில்லை. அதனைச் சேர்ப்பிக்கும் முறையையே வகுத்தது. 2011-ஆம் ஆண்டில் ஹண்டேக்கு மகசேசே விருது கிடைத்தது.

இன்றைய ஏற்பாடுகள்

கடந்த சில ஆண்டுகளில் இடைவெளியை நிரப்பும் ஏற்பாடுகள் பெருகியுள்ளன. விஞ்ஞான தொழில் நுட்பத் துறையின் ஆதரவுடன் கல்வி நிலையங்களில் தொழில் வளர் காப்பகங்கள் அமைந்துள்ளன. புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு இடம், கருவிகள், ஆலோசனை, தொடக்க நிதி ஆகியவற்றை இவை அளிக்கின்றன. சென்னையில் 2001-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று இன்று வில்க்ரோ என வழங்கும் அமைப்பு, சமூகத் தொழில் நிறுவனங்களுக்கென்றே இப்பணியைச் செய்து வருகிறது. 2012-ஆம் ஆண்டில் உயிரித் தொழில் நுட்பத் தொழில் ஆராய்ச்சி உதவிக் கழகம் ஏற்பட்டது. அதன் ‘ஸ்பர்ஷ்’ திட்டத்தின் கீழ், இளம் ஆராய்ச்சியாளர்கள் மருத்துவமனைகளிலும் சமூகங்களிலும் தங்கித் தேவைகளைக் கண்டறிந்த பின்னரே தீர்வு காண முற்படுகின்றனர்.

2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தம் முந்தைய மூன்றாண்டு சராசரி நிகர இலாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என விதிக்கிறது. அரசின் ஆதரவு பெற்ற தொழில் வளர் காப்பகங்களுக்கு அளிக்கும் தொகையும் இதில் அடங்கும். 2019-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் சமூகப் பங்குச் சந்தை பற்றி அறிவிக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் பங்கு பரிவர்த்தனை வாரியம் அதற்கான விதிகளை வெளியிட்டது. இலாப நோக்கமற்ற அமைப்புகள் இதன் மூலம் பொதுமக்களிடம் நிதி திரட்டலாம். இலாபம் ஈட்டும் நிறுவனமாயின், தன் நடவடிக்கைகளில் குறைந்தது 67 சதவிகிதம் வசதி குறைந்த மக்களுக்கோ பகுதிகளுக்கோ பயன்படுவதாகக் காட்ட வேண்டும். விளைந்த சமூகப் பயனை ஆண்டுதோறும் அறிக்கையாக வெளியிடுவதும் கட்டாயமாகும்.

கருத வேண்டியவை

ஏற்பாடுகள் பல இருப்பினும், அவை பெரும்பாலும் நகர்ப்புறக் கல்வி நிலையங்களையும், ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுத வல்லவர்களையும் சார்ந்தே நிற்கின்றன. வட்டார அளவில் இயங்கும் கூட்டுறவுச் சங்கமோ மகளிர் குழுவோ அவற்றை அணுகுவது எளிதன்று. எனவே சில செய்திகள் கவனத்திற்குரியவை.

பொதுப் பணத்தால் கண்டறியப்பட்ட தொழில் நுட்பங்களுக்கு உரிமம் வழங்கும்போது, சமூகத் தொழில் நிறுவனங்களுக்குச் சலுகைக் கட்டணம் விதிப்பது நியாயமாகும். உரிமத்துடன் வரைபடத்தை மட்டும் அளித்து விடாமல், முதல் உற்பத்திக் காலம் முழுவதும் ஆராய்ச்சியாளர் உடனிருந்து உதவ வேண்டும். அவ்வாறு உதவும் காலம் அவருடைய பதவி உயர்வில் கணக்கிடப்பட வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஏற்கெனவே இருக்கும் தொழில் நுட்பக் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் தம் கருவிகளைக் குறிப்பிட்ட நாள்களில் இக்குழுக்களுக்குத் திறந்து விடலாம். இதற்குப் புதிய கட்டடம் தேவைப்படாது.

மதிப்பீட்டு முறையும் மாற வேண்டியதாகும். வழங்கப்பட்ட கருவிகளின் எண்ணிக்கை ஓர் ஆண்டின் அறிக்கைக்குப் பயன்படலாம். திட்டத்தின் வெற்றியை அது காட்டாது. இரண்டு ஆண்டுகள் கழித்து எத்தனை கருவிகள் இயங்குகின்றன, பழுதானவற்றை யார் சரி செய்தார்கள், உற்பத்தி செய்த குழுவின் வருவாய் உயர்ந்ததா என்பவை கேட்கப்பட வேண்டும். 3 கோடி அடுப்புகளைப் பற்றி இக்கேள்விகள் தொடக்க ஆண்டுகளிலேயே கேட்கப்பட்டிருந்தால், திட்டத்தைத் திருத்துவதற்குப் போதிய காலம் இருந்திருக்கும்.

கேடா மாவட்டத்தின் எருமைப் பாலும், ஜெய்ப்பூரின் ரப்பர்ப் பாதமும், மதுரையின் கண் வில்லையும் வெவ்வேறு துறைகளைச் சேர்ந்தவை. குறையை நேரில் அறிந்த மக்களும், அதனைத் தீர்க்கும் அறிவுடையவரும், விளைவுக்குப் பொறுப்பேற்ற நிறுவனமும் இம்மூன்று இடங்களிலும் ஒருங்கே இருந்தனர். திட்டங்களை வகுக்கும் அலுவலர்களும், நாளை அப்பொறுப்பை ஏற்க இருக்கும் மாணவர்களும், ஒரு புதிய கண்டுபிடிப்புக்கு நிதி ஒதுக்கும் முன்னர், அதனை ஏற்று நடத்தும் நிறுவனம் எது என்பதை முதலில் விசாரித்தறிவது நன்மை பயக்கும்.